மோகனத்தில் இல்லாத இரண்டு சுரங்கள்

புரசைவாக்கம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சாமு,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. எட்டு மாதம் ஆகிவிட்டது. நீ கோபமாக இருந்தால் அது நியாயம்தான். அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. சின்னவளுக்குக் காலேஜ் சீட் கிடைத்துவிட்டது. மெட்ரோ வேலை முடிந்தபாடில்லை, ஜன்னலைத் திறந்தால் வீடெல்லாம் தூசி. தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். பையன் இன்னும் உன்னை மாதிரியே சாப்பாட்டுத் தட்டில் தாளம் போடுகிறானா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஆலய ஆராதனையில் டீச்சரம்மா பாடுவதைப் பாதியில் நிறுத்திவிட்டார். என் வாசிப்பால். அன்றிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இது உனக்குத்தான் புரியும்.

இரண்டு வருஷமாக நான் மறுபடியும் பியானோ கற்றுக்கொள்வது உனக்குத் தெரியும். மவுண்ட் ரோடு மியூசி மியூசிக்கலுக்கு டிரினிட்டி பரீட்சை எழுத நாம் கையைத் தேய்த்துக்கொண்டே போவோமே, அந்த ஐந்தாம் கிரேடோடு என் கை நின்றுபோயிருந்தது. தாளில் இருப்பதை வாசிப்பேன். தாள் இல்லாவிட்டால் சி, ஈ, ஜி என்று மூன்று சுரத்தைச் சேர்த்து ஒரு கார்டாக அமுக்குவேன். ஆலயத்தில் பாடுகிற பாமாலைக்கு அது போதும் என்று இருபது வருஷம் ஓட்டிவிட்டேன்.

இப்போது சொல்லிக்கொடுப்பவன் அயனாவரத்துப் பையன், இருபத்துநாலு வயது. என்னை 'அங்கிள்' என்பான், நான் அவனை 'மாஸ்டர்' என்பேன். முதல் நாளே, "அங்கிள், இடது கையில ரூட்டை விட்டுடுங்க, அது பாஸ் கிட்டார்காரர் பார்த்துக்குவார்" என்றான். டி மைனர் கார்டில் அதற்குப் பெயர் தருகிற டி-யே இல்லாமலா? எஃப், ஏ, சி, ஈ என்று நான்கை வைக்கச் சொன்னான். கீழே நம் பாஸ் கிட்டார் ஐசிஎஃப் மாமா டி-யை இழுத்தால் அதுதான் டி மைனர் 9. அடுத்து வந்ததில் நான் அசந்துபோனேன். அந்த நான்கில் சி-யை மட்டும் அரைப்படி இறக்கி பி-யில் வைக்க வேண்டும். மற்ற மூன்று விரலும் நகரக் கூடாது. மாமா ஜி-க்குப் போகிறார். ஜி 13 வந்து நிற்கிறது! ஒரே ஒரு விரல், சாமு. அப்புறம் எஃப் ஈ-க்கும், ஏ ஜி-க்கும், ஈ டி-க்கும் இறங்கும், பி இருந்த இடத்திலேயே இருக்கும், அது சி மேஜர் 9. எந்த விரலும் தாவவில்லை. கொயரில் ஆல்ட்டோவும் டெனரும் பக்கத்துச் சுரத்துக்கு நகர்ந்து நகர்ந்து பாடினார்களே, அதே நடைதான். 1950-களின் கடைசியில் பில் எவன்ஸ் மாதிரியான ஜாஸ் பியானோக்காரர்கள் வாசித்துப் பரவிய பழக்கம் இது. நம் கையில் இத்தனை வருஷம் அது இல்லாமல் போனதே என்று எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

பன்னிரண்டு சுருதியிலும் இது கைக்கு வர எனக்கு மூன்று மாதம் ஆனது. ஹாலில் இருக்கிற அப்பாவின் பியானோ மழைக்காலத்தில் எப்படி என்று உனக்குத் தெரியும். நடுவில் இரண்டு கட்டை ஒட்டிக்கொள்ளும். உள்ளே ஒரு சின்ன பல்பு எரியவிட்டிருக்கிறேன், ஈரம் ஏறாமல் இருக்க. ராத்திரி பத்து மணிக்கு மேல் மெதுவாக அதே மூன்று கார்ட். அம்மா உள்ளே இருந்து, "வேற பாட்டே தெரியாதாடா?" என்பார்.

காஸ்பல் பக்கம், அதுதான் அமெரிக்கக் கறுப்பினச் சபைகளின் பாட்டு, ருசியே வேறு. எஃப் கார்டில் இருந்து சி-க்கு நேராகப் போகாமல் பாஸ் எஃப், எஃப் ஷார்ப், ஜி என்று படியேறும். நடுவில் ஒரு டிமினிஷ்ட் கார்ட். ஜி-யின் மேல் சி கார்ட் வந்து உட்காரும்போது நெஞ்சு அடைத்துக்கொள்ளும். முதன்முதலில் அதைப் பாமாலைக்குள் வைத்த ஞாயிறன்று செயலாளர் அண்ணன், "இது ஆலயம்பா, ஹோட்டல் லாபி இல்ல" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. காஸ்பல் பாட்டு எழுதிய தாமஸ் டார்சியின் கதையைச் சொன்னேன். ஜார்ஜியாவில் பிறந்த போதகர் மகன், 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் ப்ளூஸ் வாசித்தவர். 1932-இல் செயின்ட் லூயிஸில் கூட்டங்களுக்குப் போன இடத்தில் அவருக்குத் தந்தி வந்தது. சிகாகோவில் மனைவி பிரசவத்தில் இறந்துவிட்டார். குழந்தையும் தங்கவில்லை. அந்தத் துக்கத்தில் அவர் எழுதிய பாட்டை இன்று எத்தனையோ அடக்க ஆராதனைகளில் பாடுகிறார்கள். அதே மனிதரின் இசையில் ப்ளூஸ் வாடை அடிக்கிறது என்று சொல்லித்தான் ஆரம்பத்தில் பல சபைகள் சேர்க்கவில்லை. கார்டில் பாவமும் இல்லை புண்ணியமும் இல்லை என்று அண்ணனிடம் சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்வேன்.

ஆனால் டீச்சரம்மா விஷயம் அப்படி இல்லை.

காணிக்கை நேரம். நம் மோகனக் கீர்த்தனை, அதேதான். முதல் சரணம் சும்மா வாசித்தேன். இரண்டாவதில் மாஸ்டர் அந்த வாரம் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் இறக்கினேன். ஜி 7 வர வேண்டிய இடத்தில் ஒருமுறை டி பிளாட் 7. மறுமுறை இடது கையில் எஃப், பி வைத்து, அதன் மேல் வலது கையில் ஈ மேஜர். தனியாகக் கேட்டால் அது அவ்வளவு அழகு, சாமு, கோயில் கண்ணாடியில் சாயங்கால வெயில் விழுகிற மாதிரி. சபையில் ஒவ்வொரு குரலாகத் தேய்ந்தது. எனக்கு உடனே தெரியவில்லை. முன் வரிசையில் டீச்சரம்மா புத்தகத்தை மூடி மடியில் வைத்ததைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

முடிந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எண்பத்தொரு வயது, கையில் எலும்புதான் இருக்கிறது. "நல்லாத்தான் வாசிக்கிற தம்பி. எனக்குத்தான் கால் வைக்க இடம் கிடைக்கல" என்றார். திட்டியிருந்தால் வீட்டுக்கு வந்து மறந்திருப்பேன்.

நான்கு நாள் பியானோ மூடியைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் அந்த இடத்தை ஒரு விரலில் மெதுவாக வாசித்துப் பார்த்தேன். சி-யை ஆதார சுருதியாக வைத்துச் சொல்கிறேன், நீயும் கீபோர்டில் வைத்துப் பார். டீச்சரம்மா அங்கே பஞ்சமத்தில் நிற்கிறார், ஜி. என் ஈ மேஜருக்குள் இருப்பது ஜி ஷார்ப். அவர் தலைக்கு நேர் மேலே, அரைப்படி தள்ளி. அந்த டி பிளாட் கார்டுக்குள்ளும் அதே சுரம்தான் இருக்கிறது. எங்கே கால் வைப்பார் பாவம்?

அதோடு முடிந்திருந்தால் தப்பான கார்ட் என்று விட்டிருப்பேன். இன்னும் ஆழமாக ஒன்று இருந்தது. ஜி 7 கார்டுக்கு உயிர் எங்கே இருக்கிறது? பி-யிலும் எஃப்-இலும். நிஷாதம், மத்திமம். பி மேலே சி-க்குப் போகத் துடிக்கும், எஃப் கீழே ஈ-க்கு இறங்கத் துடிக்கும், அந்த இழுப்பில்தான் ஜாஸும் காஸ்பலும் வண்டி ஓட்டுகின்றன. நான் வியந்தேனே, ஒரு விரல், அதுவும் ச-வில் இருந்து நி-க்கு இறங்குகிற விரல்தான். இப்போது மோகனத்தைப் பாடிப் பார். ச ரி க ப த. மத்திமமும் இல்லை, நிஷாதமும் இல்லை! எந்த இரண்டு சுரத்தை வைத்து நான் பாட்டைத் தள்ளிக்கொண்டு போனேனோ, அந்த இரண்டையும் ராகம் வெளியே நிறுத்தியிருக்கிறது. முப்பது வருஷமாகப் பாடுகிற பாட்டு. எனக்கு இது தெரியவில்லை.

அந்த ராத்திரிதான் இன்னொன்று கைக்கு வந்தது. மோகனத்தில் ஒரு சுரம் விட்டு ஒரு சுரமாக ஏறிப் பார்: க, த, ரி, ப, ச. அதாவது ஈ, ஏ, டி, ஜி, சி. ஒவ்வொன்றுக்கும் நடுவே சரியாக நாலாம் சுரத்துத் தூரம், ச-வில் இருந்து ம வரை உள்ள தூரம். ஐந்து சுரமும் வந்துவிட்டன, வெளிச்சுரம் ஒன்றுகூட இல்லை. இப்படி நாலு நாலாக அடுக்குவது ஜாஸில் பெரிய வழக்கம். 1960-களில் சாக்ஸபோன்காரர் கோல்ட்ரேனோடு பியானோ வாசித்த மெக்காய் டைனரைக் கேள், இதே அடுக்குதான் மணி அடிக்கிற மாதிரி ஒலிக்கும். மாஸ்டர் எனக்கு ஆறு மாதம் முன்பே காட்டியிருந்தான். மோகனத்துக்குள் அது அப்படியே இருக்கிறது என்று அவனுக்கும் தோன்றவில்லை. போனில் சொன்னதும், "அங்கிள், இருங்க இருங்க" என்று கீபோர்டை இழுக்கிற சத்தம் கேட்டது.

இப்போது கீழே ச-வும் ப-வும் மட்டும் தம்புரா மாதிரி நிற்கும். நடுவில் மூன்று மூன்று சுரமாக ராகத்துக்குள்ளேயே நகர்வேன்: ஈ ஏ டி, ஜி சி ஈ, ஏ டி ஜி. வலது கையால் பாட்டை வாசிப்பதில்லை, அது பாடுகிறவர்கள் வேலை. பாமாலையில் என் டிமினிஷ்ட் அப்படியே இருக்கும், அதை அண்ணனுக்காக விட மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை சின்ன கீபோர்டை ஆட்டோவில் வைத்துக்கொண்டு ஓட்டேரிக்கு, டீச்சரம்மா வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டு வேப்பமரம் இன்னும் இருக்கிறது, நீ விழுந்த கிளையை மட்டும் வெட்டிவிட்டார்கள். சுருதியை ஈ பிளாட்டுக்கு மாற்றிக்கொண்டேன், அவருக்கு இப்போது அதுதான் சௌகரியம். ஒன்றும் சொல்லாமல் ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்துகொண்டார். குரல் நூல் மாதிரி மெலிந்துவிட்டது, ஆனால் சுருதி அப்படியே இருக்கிறது, சாமு. என் கார்டுக்கு நடுவே வழி தெரிந்த வீட்டில் நடக்கிற மாதிரி நடந்தார். இரண்டு சரணம் முழுசாகப் பாடினார். மூன்றாவதுக்கு நான் போனபோது கையைத் தூக்கி நிறுத்தினார்.

"மூணாவது சாமு பாடுறதுதானே. அவன் இல்லாம அது எதுக்கு?"

எனக்கு அதற்குமேல் வாசிக்க வரவில்லை. காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரியில் மகனோடு பெங்களூருக்குப் போகிறார். வீட்டைக் காலி செய்கிறார்கள். புத்தக அலமாரியில் பாதியை இப்போதே கட்டி வைத்திருக்கிறார்கள். திரும்பி வருவதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

உனக்கு லீவு கிடைக்காது, டிக்கெட் விலை ஏறிவிட்டது, எல்லாம் போன வருஷமே சொன்னாய். இந்த வருஷம் அதைக் கேட்க மாட்டேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு அந்தக் கீர்த்தனை வைக்க ஆயர் ஒத்துக்கொண்டார். ஐசிஎஃப் மாமா மூன்றாம் சரணத்தில் பாஸை நிறுத்திவிடுகிறேன் என்றார், நீ தனியாகக் கீழே இறங்குகிற இடத்துக்காக. அதற்குள் அந்தச் சரணத்தைப் போனில் பாடி அனுப்பு. ஈ பிளாட்டில் உனக்கு அடிப் பஞ்சமம் எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். எட்டாவிட்டால் அரைப்படி ஏற்றுகிறேன், டீச்சரம்மாவைக் கேட்டுவிட்டு.

அன்புடன்,
டேவி