புதர் மண்டிய ஒரு செய்தி குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தங்கள் நாளிதழை வாங்குகிறவன். கடந்த மாதம் 14-ஆம் தேதி, விழுப்புரம் பதிப்பு, ஆறாம் பக்கத்தில் எங்கள் ஊர் அய்யனார் கோயில் படத்தோடு ஒரு செய்தி வந்திருந்தது. "பல ஆண்டுகளாகப் புதர் மண்டி, விஷ ஜந்துக்களின் கூடாரமாக மாறியிருந்த கோயில் நிலத்தைத் தன்னார்வலர்கள் சீரமைத்து, 500 நாட்டு மரக்கன்றுகளை நட்டு அசத்தினர்." அசத்தியது உண்மைதான். செய்தியைப் படித்துவிட்டு இரண்டு நாள் நான் அசந்துதான் கிடந்தேன்.

அன்று நான் ஊரில் இல்லை. சென்னையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தபோது, கோயிலைச் சுற்றியுள்ள காட்டின் கிழக்கு ஓரத்தில் 40 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம் மொட்டையாக இருந்தது. நாடா பிடித்து அளந்த கணக்கு இது. நான் ஓய்வு பெற்ற நில அளவர், கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்லும் பழக்கம் இல்லை. பொக்லைன் பல் பதிந்த தடம் செம்மண்ணில் வரிவரியாகக் கிடந்தது. ஒரு மூலையில் வேர், கொடி, கல், உடைந்த மண்குதிரையின் கால் எல்லாம் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. அந்தக் குவியலைத்தான் தங்கள் புகைப்படக்காரர் பின்னணியில் வைத்து, முன்னால் பிள்ளைகளை மண்வெட்டியோடு நிறுத்திப் படம் எடுத்திருக்கிறார்.

குவியலைக் கிளறினேன். மூன்று காயா மரங்கள். பெருமாளைக் காயாம்பூ வண்ணன் என்று ஊரெல்லாம் பாடுகிறோம். அந்தப் பூவைக் கையில் எடுத்துக் காட்டச் சொன்னால் நூற்றில் தொண்ணூறு பேர் விழிப்பார்கள். தாங்கள் அறிவீர்கள் என்றே நம்புகிறேன். கோடையில் கிளையெல்லாம் நீலம் அப்பினாற்போல் பூக்கும், எங்கள் பக்கம் காசா என்பார்கள். காயாவின் மேல் சுற்றிக் கிடந்தது மோதிரக்கண்ணி: மஞ்சள் பூ, கொக்கி ஒவ்வொன்றும் மோதிரம் போலச் சுருண்டிருக்கும். அதற்கும் அடியில் ஈசுரமூலிக் கொடி. சிவப்பு உடம்பும் கறுப்புச் சிறகுமாக ஒரு பட்டாம்பூச்சி உண்டு; இந்த வகைக் கொடிகளை விட்டால் வேறெதிலும் முட்டை வைக்காது. வாடிய இலையில் புழுக்கள் ஒட்டியிருந்தன. எடுத்துப் போய் மேற்கே இருக்கும் கொடியில் விட்டேன். ஏழு பிழைத்தன.

கடைசியாக அந்த வீரை மரம். வீரையில் ஆண் வேறு, பெண் வேறு. எங்கள் காட்டில் பெண் மரம் நான்குதான், இப்போது மூன்று. 1985-இல், நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யு.டி.ஆர். அளவைக்குச் சங்கிலி இழுத்தபோது அந்த மரத்தில் சோற்றுத் தூக்கைத் தொங்கவிட்டிருக்கிறேன். அப்போது என் முழங்கைப் பருமன். நாற்பது ஆண்டு கழித்து, வேரோடு சாய்ந்து கிடக்கும்போது, தொடைப் பருமன். அவ்வளவுதான் வளரும் அது.

நட்டதென்ன என்றும் பார்த்தேன். செய்தியில் 500. நான் எண்ணிய குழிகள் 212. மீதி அச்சகத்தில் நடப்பட்டிருக்கலாம். 'நாட்டு மரக்கன்றுகள்' என்று எழுதியிருந்தீர்கள். மகாகனி, தூங்குமூஞ்சி, குல்மொஹர். முதல் இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை, மூன்றாவது மடகாஸ்கர். முப்பத்து நான்கு ஆண்டு நில அளவைத் துறையில் இருந்தும் மடகாஸ்கர் எந்த வருவாய் வட்டத்தில் வருகிறது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை எண்ணியபோது உயிரோடு இருந்தவை 61. இடையில் பார்த்தீனியக் களை நன்றாகவே வந்திருக்கிறது. அதற்கு யாரும் குழி தோண்டவில்லை.

பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டு வந்த பிள்ளைகள், நல்லது செய்கிறோம் என்றுதான் செய்தார்கள். அழைத்து வந்த அமைப்பு ஊரில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தங்கள் நிருபரும் கேட்டிருக்கலாம். கோயிலுக்கு எதிரே டீக்கடை இருக்கிறது. அங்கே யாரைக் கேட்டாலும் "அந்தக் காட்டுக்கார சர்வேயரைப் பாருங்க" என்று என் வீட்டைக் காட்டியிருப்பார்கள்.

இந்தக் காடு என்ன காடு என்பது தாங்கள் அறியாததல்ல. பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பி, ஆண்டில் பாதிக்கு மேல் வறண்டு கிடக்கும் இந்தக் கரையோர மண்ணில் இலை உதிர்க்காமல் நிற்பது. 1968-இல் வனவியலாளர்கள் சாம்பியன், சேத் இருவரும் இந்தியக் காடுகளை வகை பிரித்தபோது உலர் பசுமைமாறாக் காடு என்று இதற்குத் தனி இடம் கொடுத்தார்கள். கோடியக்கரை போன்ற சில இடங்களை விட்டால் மிச்சம் இருப்பதெல்லாம் அய்யனாருக்குப் பயந்து நம் பாட்டன்மார் கை வைக்காமல் விட்ட துண்டுகள்தான். தங்கள் புதுச்சேரி அலுவலகத்திலிருந்து வண்டியை எடுத்தால் கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சினீஸ்வரர் அய்யனார் கோயில் காட்டுக்கு அரை மணி நேரம். உள்ளே போய் நின்று பார்த்துவிட்டு அது புதரா என்று எழுதச் சொல்லுங்கள்.

சொல்ல வந்தது இந்த ஒரு செய்திதான். ஆனால் எழுத உட்கார்ந்தால் பழையதெல்லாம் வருகிறது. 2017-இல் உயர் நீதிமன்ற உத்தரவை ஒட்டி ஊர் ஊராகச் சீமைக்கருவேலம் வெட்டினார்கள். அப்போது தாங்கள் வெளியிட்ட ஒரு படத்தில் வெட்டுண்டு கிடந்தது நாட்டுக் கருவேலம். உருண்டை மஞ்சள் பூவும், மணி கோத்தாற்போல் இடுப்பு ஒடுங்கிய காயும் படத்திலேயே தெரிந்தன. சீமைக்கு நீளக் கதிர்ப் பூ. காயில் அப்படி ஒடுக்கம் இருக்காது. இதைத்தான் கடிதமாக எழுதினேன். வரவில்லை. எங்கள் ஏரிக்குள் நாரை கூடு கட்டிக்கொண்டிருந்த கருவேல மரங்கள் அடுத்த வாரமே போயின. வெட்டிய காண்டிராக்டர் சட்டைப்பையிலிருந்து தங்கள் நாளிதழை எடுத்துக் காட்டி, "பேப்பர்லயே போட்டிருக்கான், பாருங்க சார்" என்றார்.

2022-இல் மதுரை அரிட்டாபட்டியை அரசு பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோதும் எழுதினேன். 193 ஹெக்டேருக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு துளியாவது இரண்டு ஏக்கர், நான்கு ஏக்கர் கோயில்காடுகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று இரண்டு பக்கம். தாங்கள் வெளியிட்டது ஒரே வரி: "அரிட்டாபட்டி அறிவிப்புக்காகத் தமிழக அரசுக்கு நன்றி." கீழே என் பெயர், அதிலும் ஓர் எழுத்துப்பிழை. ஊரில் எல்லோரும் நான் ஏதோ கட்சியில் சேர்ந்துவிட்டதாக நினைத்தார்கள். 2025-இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி வீரகோயில் காட்டுக்கு அதே தகுதி கிடைத்தது. 4.97 ஹெக்டேர், நம் கணக்கில் 12 ஏக்கர் 28 சென்ட். சிறிய காட்டுக்கும் கிடைக்கும் என்று ஆகிவிட்டது. இம்முறை நான் எழுதவில்லை.

கும்பாபிஷேகக் கதையும் உண்டு. மண்டபத்துக்கு ஒரு பக்கம், சிமென்ட் சாலைக்கு ஒரு பக்கம், வண்டி நிறுத்த ஒரு பக்கம். 1985-இல் நான் அளந்தபோது 4 ஏக்கர் 10 சென்ட் இருந்த காடு இன்று 3 ஏக்கர் 5 சென்ட். அதற்குத் தாங்கள் வண்ணத்தில் சிறப்பிதழ் போட்டீர்கள். அய்யனார் படம் நன்றாக இருந்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. 1985-இல் அந்த நிலத்தின் குறிப்புக் கட்டத்தில் 'முட்புதர்' என்று எழுதியவன் நான்தான். இருபத்து நான்கு வயது. வேலையை முடித்துவிட்டுக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். பக்கத்தில் நின்ற பூசாரித் தாத்தா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "தம்பி, இதுல எது முள்ளு, எது புதரு? கையத் தொட்டுக் காட்டு, பாப்போம்" என்றார். காட்ட முடியவில்லை. அவர் காட்டினார், பொழுது சாயும்வரை. கடைசிப் பேருந்து போய்விட்டது, அன்றிரவு கோயில் திண்ணையில்தான் படுத்தேன். ஆனால் பதிவேட்டைத் திருத்தவில்லை. அந்த ஒரு சொல்லைக் காட்டித்தான் இந்த அமைப்புக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது.

அந்தக் கடனுக்காகத்தான், ஓய்வு பெற்றதிலிருந்து ஞாயிறுதோறும் காட்டில் நிற்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஆறு பேர். ஒருவர் தையற்காரர், ஒருவர் மாடு மேய்ப்பவர், இரண்டு பெண்கள் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், பூசாரித் தாத்தாவின் பேரன், நான். பனியனில் பெயர் அச்சடித்துக்கொள்ளவில்லை. எங்களையும் தன்னார்வலர்கள் என்று சொல்லலாமா என்று தாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். காட்டை மூடிப் பரவும் அயல்நாட்டுக் களையான உண்ணிச்செடியை எடுப்பதுதான் பெரிய வேலை. மேலே வெட்டினால் நாலாகத் துளிர்க்கும். மழை பெய்து மண் இளகிய பிறகு, தரைக்குக் கீழே நாலு விரல் இறக்கி வேரை அறுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். மண்ணில் பட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். அதையும் ஒரே மூச்சில் எடுப்பதில்லை. மொத்தமாக வாரிவிட்டால் வெயில் உள்ளே இறங்கிவிடும், நிழலில் கிடக்கும் காயா, வீரை நாற்றுகள் கருகிவிடும். ஆண்டுக்குப் பத்தடி, பன்னிரண்டடி. காட்டுக்கு ஓரம்தான் கதவு. அந்தக் கதவைத்தான் பொக்லைன் கழற்றிப் போட்டுவிட்டது. நாங்கள் விதை போட்ட வீரை நாற்று இந்த ஆண்டுதான் என் முழங்காலைத் தொட்டது. அதை எந்த விழாவில் வைத்து யார் படம் எடுப்பார்கள்?

விஷ ஜந்துக்கள் பற்றியும் ஒரு வார்த்தை. சாரையும் நல்லதும் இருக்கின்றன. நாங்கள் காட்டில் நிற்கும் இந்த ஆறு ஆண்டில் யாரையும் கடித்ததில்லை. பொக்லைன் வந்த வாரம் மட்டும் மூன்று பாம்புகள் தெருவுக்குள் வந்தன. கூடாரத்தைப் பிரித்தால் குடியிருந்தவர் எங்கே போவார்?

கேட்பது சிறியதுதான். இரண்டாம் பக்கத்தின் அடியில், இரங்கல் விளம்பரத்தில் பெயர் மாறிவிட்டால் ஒரு பெட்டிக்குள் 'திருத்தம்' போடுவீர்கள் அல்லவா, அதே அளவில், அதே எழுத்தில், "14-ஆம் தேதிச் செய்தியில் புதர் என்று குறிப்பிடப்பட்டது கோயில்காடு" என்று ஒரு வரி வேண்டும். ஐப்பசி பிறப்பதற்கு முன் வேண்டும். 'இரண்டாம் கட்டப் பணி' என்று மேற்கு ஓரத்தில் கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்; மிச்சம் உள்ள மூன்று பெண் வீரையும் அந்தப் பக்கம்தான். வட்டாட்சியர் அலுவலகத்தில் என் மனுவைவிடத் தங்கள் பெட்டிச் செய்திக்கு மதிப்பு அதிகம். பதிவேட்டில் உள்ள என் சொல்லை நீக்கவும் தனியே மனு கொடுத்திருக்கிறேன். அது என் பாடு.

இக்கடிதத்தை வெளியிடுவதானால் சுருக்கிக்கொள்ளுங்கள், தடையில்லை. நன்றி சொல்லும் வரியை மட்டும் எடுத்துப் போட்டுவிட வேண்டாம். இம்முறை அப்படி ஒரு வரி எழுதவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நில அளவர்,
விழுப்புரம் மாவட்டம்.