கோரிக்கை மனு: 01.06.2009 முதல் பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களின் ஊதிய முரண்பாட்டைக் களைந்து நிலுவை வழங்கக் கோருதல்

அனுப்புநர்
01.06.2009 முதல் நியமனம் பெற்ற இடைநிலை ஆசிரியர்கள்,
அரசு தொடக்க, நடுநிலைப் பள்ளிகள்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
பள்ளிக் கல்வித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். நாங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை பாடம் எடுக்கும் இடைநிலை ஆசிரியர்கள். எல்லோரும் 2009 ஜூன் 1 அன்றோ அதன் பிறகோ வேலையில் சேர்ந்தவர்கள். எங்கள் குறை முழுவதும் அந்த ஒரு தேதியிலிருந்து வருகிறது.

ஆறாவது ஊதியக் குழுவை ஒட்டி நிதித்துறையின் அரசாணை எண் 234 வெளியான நாள் அது. 4500-7000 என்ற பழைய விகிதத்தில் இருந்தவர்களுக்கு 4,500 ரூபாயை 1.86 ஆல் பெருக்கி 8,370 ரூபாய் ஊதியமும், பதவிக்கு ஏற்ப அதோடு சேரும் 2,800 ரூபாய் தர ஊதியமும் கிடைத்தன. மே 31 வரை சேர்ந்தவருக்கு இந்தக் கணக்கு. மறுநாள் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாயும் அதே 2,800 தர ஊதியமும்தான். பதவி ஒன்று, ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் ஒன்று, பாடப்புத்தகம் ஒன்று. அடிப்படையில் மட்டும் மாதம் 3,170 ரூபாய் குறைவு.

இந்த 3,170 அப்படியே நின்றிருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் ஆண்டுதோறும் தரும் 3 விழுக்காடு ஊதிய உயர்வு அடிப்படை ஊதியத்தின் மேல்தான் ஏறுகிறது. அகவிலைப்படியும் அப்படியே. 2017 இல் ஏழாவது ஊதியக் குழுவுக்காக 2.57 ஆல் பெருக்கியபோது தொடக்க நிலையில் தர ஊதியமும் சேர்த்து எங்கள் 8,000 ரூபாய் 20,560 ஆனது, முன்பு சேர்ந்தவரின் 11,170 ரூபாய் 28,700 ஐத் தாண்டியது. அதாவது வித்தியாசம் எட்டாயிரத்துக்கு மேல் போய்விட்டது. பத்தாண்டு முடித்து வாங்கும் தேர்வுநிலை ஊதியமும் இந்தக் குறைந்த அடிப்படையில்தான் நிர்ணயமாகிறது. பங்களிப்பு ஓய்வூதியத்தில் எங்கள் பிடித்தமும் அரசின் பங்கும் சம்பளத்தைப் பொறுத்தவை என்பதால், ஓய்வு பெற்ற பிறகும் இந்தக் குறை எங்களை விடாது.

மத்திய அரசு ஆசிரியருக்கு இணையான 9300-34800 விகிதம் கேட்கும் வழக்கு தனி. அதை இந்த மனுவில் நாங்கள் எழுப்பவில்லை. பக்கத்து வகுப்பறையில் இருக்கும் ஆசிரியருக்கு இணையாக எங்களையும் வையுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

வேலையில் யாரும் எங்களைக் குறைத்து நிறுத்தவில்லை. அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பு, பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவு, வாக்குச்சாவடி நிலை அலுவலர் பணி, காலை உணவு மேற்பார்வை எல்லாம் இருவருக்கும் பொதுதான். எங்களில் சிலர் பேச்சிப்பாறைக்கு மேலே காணி மக்களின் பிள்ளைகளுக்கு எழுத்து அறிவிக்கிறோம். சிலர் களியக்காவிளைப் பக்கம் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகளைத் தமிழில் வாசிக்க வைக்கிறோம். 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் அடித்த பிறகு, கடலுக்குப் போன அப்பா திரும்பாத பிள்ளைகள் தூத்தூர் வட்டாரத்து வகுப்புகளில் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளைத் திரும்பப் பள்ளிக்குக் கொண்டுவந்த ஆசிரியர்களில் எட்டாயிரம் குறைவாக வாங்குபவர் யார், கூடுதலாக வாங்குபவர் யார் என்று எந்தத் தாயும் பார்க்கவில்லை.

சரி, நீதிமன்றத்துக்குப் போகலாமே என்பார்கள். போனவர்களும் உண்டு. நாகர்கோவிலிலிருந்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய்வர ஒரு நாள் விடுப்பு, வழக்கறிஞர் கட்டணம், வாய்தா. ஓராசிரியரோ ஈராசிரியரோ உள்ள பள்ளியில் ஒருவர் விடுப்பு எடுத்தால் அன்றைக்கு வகுப்பு என்ன ஆகும் என்பது தங்களுக்குத் தெரியும். அப்புறம் நிலுவை. சம்பளக் குறைவு மாதாமாதம் தொடரும் தவறு என்றாலும், தாமதமாக வந்தால் மனு தாக்கல் செய்வதற்கு முந்தைய மூன்று ஆண்டு நிலுவையே பொதுவாகக் கிடைக்கும் என்று தர்சேம் சிங் வழக்கில் 2008 இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு முடிவைத் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும், அரசை நம்பி வழக்குப் போடாமல் இருந்தவருக்குத்தான் நட்டம். வழக்குப் போட்டவருக்கு ஒரு சம்பளம், பொறுத்திருந்தவருக்கு ஒரு சம்பளம் என்று இன்னொரு பிரிவினை எங்களுக்குள் வரக்கூடாது.

சம வேலைக்குச் சம ஊதியம் என்பது அரசியல் சட்டத்தின் நோக்கம் என்று ரந்தீர் சிங் வழக்கில் 1982 லேயே தீர்ப்பு வந்தது. 2023 தொடக்கத்தில் இதே முரண்பாட்டை ஆராயத் தமிழக அரசு மூவர் குழு அமைத்தது. பள்ளிக் கல்வித் துறைச் செயலாளரும் அதில் ஓர் உறுப்பினர் என்பதால்தான் தங்களிடம் நேரடியாக வருகிறோம்.

01.06.2009 முதல் சேர்ந்த அனைவருக்கும், அவரவர் பணியில் சேர்ந்த நாளில் 8,370 ரூபாய் என வைத்து ஊதியத்தை மறுநிர்ணயம் செய்து பொது அரசாணை வெளியிட வேண்டுகிறோம். வழக்குத் தொடர்ந்தவர், தொடராதவர் என்ற பாகுபாடு அதில் வேண்டாம். நிலுவையை ஒரே தடவையில் தர நிதிநிலை இடம் தராவிட்டால் தவணைகளாகத் தாருங்கள்; ஆனால் எந்த நாள் முதல், எத்தனை தவணை என்பதை ஆணையிலேயே எழுதிவிடுங்கள். அது இல்லாவிட்டால் பணிப்பதிவேடு தெளிவுரை கேட்டு அலுவலகத்துக்கும் கருவூலத்துக்கும் இடையே அலைந்துகொண்டிருக்கும். பணியிலிருக்கும்போதே இறந்துபோனவர்களின் நிலுவை அவர்கள் குடும்பத்துக்குப் போய்ச்சேர வழி சொல்லும் பத்தியும் அதில் இருக்க வேண்டும். மூவர் குழுவின் பரிந்துரைகளையும் எங்கள் பார்வைக்குத் தர வேண்டுகிறோம்.

இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் வழியாக எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கையொப்பமிட்டுள்ள இடைநிலை ஆசிரியர்கள்

இடம்: நாகர்கோவில்