ஃபால்கன்ஸ் நூலுக்குக் கை கொடுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

ஒலிம்பிக் ஐஸ் ஹாக்கியில் முதல் தங்கம் எந்த நாட்டுக்கு என்று கேட்டால், கனடா என்று இங்குள்ள நம் பிள்ளைகள் பட்டென்று சொல்லிவிடுவார்கள். எந்த அணி என்று கேட்டால்தான் முழிப்பார்கள். 1920இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் அதை வென்றது நம் ஊர் அணியான வின்னிபெக் ஃபால்கன்ஸ். ஹக் வுட்மன் ஒருவரைத் தவிர, ஆடிய அனைவரும் ஐஸ்லாந்திலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களைப் பற்றித் தமிழில், படங்களோடு ஒரு சிறு நூல் கொண்டுவர வின்னிபெக்கில் வாழும் தமிழ்ப் பெற்றோர் சிலர் குழுவாகச் சேர்ந்திருக்கிறோம். அதற்குத்தான் உங்களிடம் நன்கொடை கேட்கிறோம்.

ஐஸ்லாந்துக்காரர்கள் 1870களில் வின்னிபெக் இருக்கும் மனிடோபா மாநிலத்துக்கு வரத் தொடங்கினார்கள். வின்னிபெக்கில் சார்ஜென்ட் அவென்யூ அவர்களுடைய கடைத்தெரு. நகரத்தின் சீனியர் லீக் அவர்களுடைய அணியைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இனம்தான் காரணம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். சரி, நீங்கள் சேர்க்காவிட்டால் போங்கள் என்று பிராண்டன், செல்கர்க் அணிகளோடு தனி லீக்கில் ஆடினார்கள்.

அதற்கு முன்பே முதல் உலகப் போர் வந்திருந்தது. வீரர்களில் பெரும்பாலோர் 223ஆவது படைப்பிரிவில் சேர்ந்தார்கள். ஃபிராங்க் தோர்ஸ்டைன்சனும் ஜார்ஜ் கம்பர்ஸும் திரும்பி வரவில்லை. கேப்டன் ஃபிராங்க் ஃபிரெட்ரிக்சன் பயணம் செய்த கப்பல் 1918இல் டார்பிடோ தாக்கி மூழ்கியது. உயிர்காக்கும் படகில் அவர் தன் வயலினோடு உட்கார்ந்திருந்தார் என்று இன்றும் சொல்வார்கள்.

1920 மார்ச்சில் டொராண்டோ பல்கலைக்கழக அணியைத் தோற்கடித்து, கனடாவின் அமெச்சூர் ஐஸ் ஹாக்கி சாம்பியனுக்கான ஆலன் கோப்பையை வென்றார்கள். அந்த வெற்றிதான் ஒலிம்பிக் வாய்ப்பைத் தந்தது. வீட்டுக்குப் போய்வர நேரமில்லை, அப்படியே கப்பலேறிவிட்டார்கள். ஆண்ட்வெர்ப்பில் செக்கோஸ்லோவாக்கியாவை 15-0, அமெரிக்காவை 2-0, ஸ்வீடனை 12-1. மூன்று ஆட்டங்களிலும் சேர்த்து வாங்கியது ஒரே கோல்!

ஆனால் அது கோடைக்கால ஒலிம்பிக்கின் கணக்கில் நடந்த போட்டி. குளிர்கால ஒலிம்பிக் 1924இல்தான் தொடங்கியது. பலர் கதையை அங்கிருந்தே ஆரம்பிக்கிறார்கள், ஃபால்கன்ஸ் விடுபட்டுப் போகிறார்கள். 2004 ஐஸ் ஹாக்கி உலகக் கோப்பையின்போது கனடா அணி ஒரு நாள் ஃபால்கன்ஸ் ஜெர்சியைப் போட்டு ஆடியது. நல்ல மரியாதைதான். ஆனால் ஜெர்சியைப் பார்த்த பிள்ளைக்கு அது யாருடையது என்று சொல்ல வீட்டில் ஒரு புத்தகம் வேண்டாமா?

ஒலிம்பிக் பட்டியலில் தோர்ஸ்டைன்சன், கம்பர்ஸ் பெயர்களைத் தேடினாலும் கிடைக்காது. எங்கள் நூலில் முதல் பக்கமே அவர்களுக்குத்தான்.

தேவைப்படுவது 4,000 டாலர். பழைய புகைப்படங்களுக்கான அனுமதிக் கட்டணம், பக்க வடிவமைப்பு, 500 பிரதிகள் அச்சிடும் செலவு எல்லாம் இதில் அடக்கம். எழுதுபவர்கள் யாரும் பணம் வாங்குவதில்லை. நூலை விற்கப்போவதில்லை, தமிழ் வகுப்புகளுக்கும் நூலகங்களுக்கும் இலவசமாகத் தருவோம். 10 டாலர் கொடுத்தாலும் மகிழ்ச்சியே. பதிவுபெற்ற அறக்கட்டளை இல்லை என்பதால் வரிவிலக்கு ரசீது தர முடியாது. ஆனால் வரவு செலவுக் கணக்கு முழுவதையும் நன்கொடை தந்த எல்லோருக்கும் அனுப்புவோம்.

இந்த வேண்டுகோளை உங்களிடம் சேர்த்த குழு உறுப்பினரிடமே பணத்தைக் கொடுக்கலாம். பணம் தர வசதிப்படாதவர்கள் மெய்ப்புப் பார்க்க இரண்டு மாலைப் பொழுதுகள் ஒதுக்கினால், அதுவும் எங்களுக்குப் பெரிய உதவி.

இப்படிக்கு,
நூல் வெளியீட்டுக் குழுவினர்