புகார் கடிதம்: வராத சில்வியாவுக்கு வாங்கிய முன்பணம்

அனுப்புநர்:
முன்பணம் கட்டிய வாடிக்கையாளர்கள்,
சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டொங்காட்.

பெறுநர்:
மேலாளர், முன்பதிவுப் பிரிவு, டர்பன், தென்னாப்பிரிக்கா.

பொருள்: ‘புதிய சில்வியா’ முன்பணமும் உதிரிபாகத் தொகையும் திருப்பிக் கேட்டல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நின்றுபோன நிசான் சில்வியா கார் மறுபடி வருகிறது, முதல் தவணையில் இடம் உறுதி என்று சொல்லித் தலைக்கு 25,000 ராண்ட் வாங்கியிருக்கிறீர்கள். ‘எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது’ என்று ரசீதில் அச்சிட்டும் இருக்கிறீர்கள். அந்தப் பணம் முழுவதும் எங்களுக்குத் திரும்ப வேண்டும்.

முதலில், நீங்கள் விற்கும் கார் எது? 2025 ஏப்ரலில் நிசானின் தலைமைப் பொறுப்புக்கு வந்த ஐவன் எஸ்பினோசா, சில்வியா மேல் தமக்குள்ள ஆசையை மறைக்கவில்லை. எங்களுக்கும் அதே ஆசைதான். ஆனால் நீங்கள் பணம் வாங்கிய நாளில் கம்பெனி அறிவித்த மாடலோ இன்ஜினோ விலையோ ஒன்றும் இல்லை. உங்கள் தாளில் உள்ள படம்கூட சில்வியா இல்லை. அது 2013 டோக்கியோ கண்காட்சியில் வைத்த ஐடிஎக்ஸ் நிஸ்மோ. அதன் முகம் பழைய டாட்சன் 510-இன் சாயல். கண்காட்சியோடு நின்றுபோன வண்டி அது.

பழைய சில்வியாவின் அதே எஸ்ஆர்20 டர்போ இன்ஜின், அதே 1,240 கிலோ எடை, அடியில் நிசானின் இசட் காரின் சேசிஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் ஒன்றோடொன்று சேராது. ஜப்பானின் புகை விதி இறுகியதால்தான் 2002 ஆகஸ்டில் சில்வியாவின் கடைசி மாடலான எஸ்15 நின்றது. அந்த இன்ஜினை அப்படியே இன்று ஒரு புதிய காரில் வைத்து விற்க வழியில்லை. இசட் காரின் வீல்பேஸ் (முன், பின் சக்கர இடைவெளி) 2,550 மி.மீ., எஸ்15 காருக்கு 2,525. அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் இசட்டின் எடை 1,600 கிலோவை ஒட்டியது. 350 கிலோவை எங்கே கழற்றி வைப்பீர்கள்? குறைந்த எண்ணிக்கையில் விற்கும் பின்சக்கர ஓட்டக் காருக்குத் தனி சேசிஸ் செய்தால் விலை கட்டுபடியாகாது. டொயோட்டாவே 86 காருக்கு சுபாருவோடும் சுப்ராவுக்கு பிஎம்டபிள்யூவோடும் கூட்டுச் சேர்ந்தது அதனால்தான். மலிவு விலை என்று அச்சிடுமுன் இதை யோசித்திருக்க வேண்டும்.

புதியது தாமதமானால் ஜப்பானிலிருந்து பழைய எஸ்15 தருவோம் என்ற உங்கள் நிபந்தனை இன்னும் மோசம். விற்பனைக்காகப் பழைய கார் இறக்க இந்நாட்டில் அனுமதி இல்லை. தாயகம் திரும்புவோர், குடியேறுவோர், பந்தய வண்டி போன்ற சில வகைகளுக்கே பர்மிட் உண்டு. நம் துறைமுகத்தில் வரிசையாக இறங்கும் பழைய ஜப்பான் கார்கள் எல்லை தாண்டிப் போகும் சரக்கு என்பது டர்பன்காரர் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்தது பாகங்கள். ‘புதிய சில்வியாவுக்கும் பழைய எஸ்ஆர்20-க்கும் நேராகப் பொருந்தும்’ என்று முன்பதிவோடு தள்ளிவிட்ட, பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் எஸ்15-இல் வரும் நிமிடத்துக்கு 480 சிசி வகை. எங்களில் பலர் நிசான் 1400 பேக்கியில் (சிறு பிக்கப் வண்டி) ஏற்றியிருப்பது ஹாஃப் கட்டில் (வெட்டிய முன்பாதி காரோடு) வந்த, முந்தைய சில்வியாவான எஸ்13-இன் இன்ஜின். அதன் இன்ஜெக்டர் 370 சிசி. ரெயிலில் சிக்கலில்லாமல் உட்காரும், அதுதான் ஆபத்து. பழைய இசியு (இன்ஜினை இயக்கும் கணினி) இன்ஜெக்டரை அதே நேரத்துக்குத்தான் திறக்கும். ஒவ்வொரு திறப்பிலும் 30 சதவீதம் கூடுதல் பெட்ரோல் இறங்கும். ஆக்சிஜன் சென்சார் ஓரளவுக்குத்தான் சரிக்கட்டும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது அதுவும் உதவாது. கழற்றிய பிளக்கின் முனையில் விரல் வைத்தால் மை போலக் கரி ஒட்டுகிறது. டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை. சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலம் கழுவிப்போனால் அடுத்து தேய்வது ரிங்கும் பேரிங்கும். இசியுவை 480-க்கு டியூன் செய்த பிறகே இதைப் பூட்ட வேண்டும் என்று பெட்டியில் ஒரு வரி இல்லை.

300 கிலோவாட் தாங்கும் என்று விற்ற 6 கியர் பெட்டியும் அப்படித்தான். எஸ்15-இல் அது சுமந்தது 184 கிலோவாட். ஐசின் செய்த அந்தப் பெட்டியின் குடும்பம்தான் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5-இலும் இருந்தது. டிரிஃப்ட் (வண்டியைச் சறுக்கவிட்டு) ஓட்டுபவர்கள் அதைக் கழற்றிவிட்டு வேறு பெட்டி மாட்டுவது ஏன் என்று உங்கள் ஒர்க்‌ஷாப்பிலேயே கேளுங்கள்.

2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு, பொருளைத் தர நியாயமான அடிப்படை இல்லாமல் பணம் வாங்குவதைத் தடுக்கிறது. 17-ஆம் பிரிவு முன்பதிவை ரத்து செய்யும் உரிமையைத் தருகிறது. உங்கள் ரசீதின் வாசகம் அதற்கு முன் நிற்காது. தவறான விளம்பரத்துக்கு 41-ஆம் பிரிவு உண்டு. 65-ஆம் பிரிவின்படி எங்கள் முன்பணம் உங்கள் சொத்தல்ல. அது எந்தக் கணக்கில் இருக்கிறது என்று எழுத்தில் தெரிவியுங்கள்.

15 வேலை நாட்களுக்குள் முன்பணமும் பாகங்களின் விலையும் பணம் வந்த அதே வங்கிக் கணக்குகளில் சேர வேண்டும். 56-ஆம் பிரிவின்படி இன்ஜெக்டரையும் கியர் பெட்டியையும் உங்கள் செலவில் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டிய வண்டிகளுக்கு எண்ணெய், ஃபில்டர், பிளக் மாற்றிய பில்களும் இணைத்திருக்கிறோம். அதையும் நீங்களே தர வேண்டும். தவறினால் இதே கடிதம் மோட்டார் தொழில் குறைதீர்ப்பாளருக்கும் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கும் போகும்.

இப்படிக்கு,
முன்பணம் கட்டியவர்கள்

இணைப்பு: ரசீது நகல்கள், விளம்பரத் தாள், பிளக் படங்கள், பில்கள்.