சின்னவனின் பன்னிரண்டாம் வகுப்பு

அன்புள்ள தேன்மொழி,

சின்னவனுக்கு ஆகஸ்டில் சீனியர் இயர் தொடங்குகிறது, கல்லூரி விண்ணப்பத்துக்கு எஸ்ஸே (கட்டுரை) எழுத வைக்க யாரையாவது காசு கொடுத்துப் பிடிக்கலாமா என்று போனில் கேட்டாய். எஸ்ஸே அவன் பாடு. நீயும் மாப்பிள்ளையும் பார்க்க வேண்டியது காகிதங்களை. டெக்சஸ் பள்ளியில் கவுன்சிலர் நாற்காலியில் இருந்தவள் என்பதால் சொல்கிறேன், நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு இடறுவது பெரும்பாலும் ஏதோ ஒரு சின்னத் தாளில்தான்.

முதல் வேலை பெயர். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக நிற்கும், பள்ளிப் பதிவில் இனிஷியலாகச் சுருங்கியிருக்கும், சாட் (SAT) என்ற கல்லூரி நுழைவுத் தேர்வின் கணக்கில் இரண்டும் ஒட்டிக் கிடக்கும். மதிப்பெண் ஒரு பெயரிலும் விண்ணப்பம் வேறு பெயரிலும் போனால் கல்லூரிக் கணினி இரண்டையும் சேர்க்காது. 'மதிப்பெண் வரவில்லை' என்றே போர்ட்டலில் காட்டிக்கொண்டிருக்கும். சோஷியல் செக்யூரிட்டி அட்டையை மேசையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள எழுத்துகளும் இடைவெளியும் மற்ற எல்லா இடத்திலும் அப்படியே இருக்கிறதா என்று பார். பள்ளிப் பதிவில் மாற்றம் வேண்டுமென்றால் பள்ளி திறந்த முதல் வாரமே ரெஜிஸ்ட்ரரிடம் போ. அக்டோபரில் போனால் அவர்கள் டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பதிவு) அனுப்பும் நெருக்கடியில் இருப்பார்கள். இன்னொன்று: விண்ணப்பங்களுக்குப் பள்ளி கொடுத்த மின்னஞ்சல் வேண்டாம். படிப்பு முடிந்ததும் அதை மூடிவிடுவார்கள், கல்லூரியோ ஜூன், ஜூலையிலும் எழுதிக்கொண்டிருக்கும். உன் மின்னஞ்சலும் வேண்டாம். அவன் பெயரில் புதிதாக ஒன்று தொடங்கி, தினமும் திறந்து பார்க்கப் பழக்கு.

அடுத்தது கிரெடிட், அதாவது முடித்த பாடங்களுக்கான புள்ளிக் கணக்கு. பள்ளிப் பட்டம் பெற, டெக்சஸில் அடிப்படைத் திட்டத்துக்கு 22 கிரெடிட், எண்டார்ஸ்மென்ட் என்ற துறைச் சிறப்புப் பாடங்களோடு 26. அதோடு 'அல்ஜிப்ரா 2' உட்பட நான்கு கணிதமும், நான்கு அறிவியலும் இருந்தால்தான் 'டிஸ்டிங்விஷ்ட்' நிலை கிடைக்கும். அது வெறும் அலங்காரமில்லை. மாநிலப் பல்கலைக்கழகங்களில் ரேங்க் அடிப்படையில் தானாகக் கிடைக்கும் இடத்துக்கு அது வேண்டும். ஸ்டார் என்ற மாநிலத் தேர்வுகள் ஐந்தும் (அல்ஜிப்ரா ஒன்று, ஆங்கிலம் ஒன்று, ஆங்கிலம் இரண்டு, உயிரியல், அமெரிக்க வரலாறு) முடிந்துவிட்டனவா என்று கவுன்சிலரிடம் அச்செடுத்த தாளாகக் கேட்டு வாங்கு. வாய்வார்த்தை போதாது. கால்குலஸ் எடுக்கிற பிள்ளைக்கு உடற்கல்வி ஒரு கிரெடிட்டோ கலைப்பாடம் ஒரு கிரெடிட்டோ விட்டுப்போவது உண்டு. கோடையில் ஆன்லைனில் படித்ததைப் பள்ளி இன்னும் பதிவில் ஏற்றாமல் வைத்திருப்பதும் உண்டு. மார்ச்சில் தெரிந்தால் ஓட்டம்தான், செப்டம்பரில் தெரிந்தால் ஒரு வகுப்பை மாற்றினால் தீர்ந்தது.

இப்போது உனக்குப் பிடிக்காத விஷயம். டிசம்பர் 15 கிளம்பி, பொங்கல் முடித்துத் திரும்புகிறோம் என்றாய். இந்த வருஷம் வேண்டாம். ஒரு வகுப்பு நடக்கும் நாட்களில் 90 சதவீதம் வராவிட்டால் அந்த வகுப்பின் கிரெடிட்டை நிறுத்திவைக்கலாம் என்பது டெக்சஸ் சட்டம். செமஸ்டருக்குச் சுமார் 85 நாள் என்று வைத்தால் எட்டு நாள்தான் இடம். அனுமதி வாங்கிய விடுப்பும் பொதுவாக அந்தக் கணக்கில் சேரும். 75-க்கும் 90-க்கும் இடையில் இருந்தால் பிரின்சிபால் வகுக்கும் திட்டத்தை முடித்து கிரெடிட்டை மீட்கலாம், அதற்கும் கீழே போனால் கமிட்டி முன் மனுப் போட வேண்டும். டிசம்பர் 15 என்றால் செமஸ்டர் தேர்வும் போகும், அந்த மதிப்பெண்ணைத்தான் மிட்-இயர் ரிப்போர்ட் என்று கல்லூரிகள் கேட்கும். கல்லூரியை நேரில் பார்க்கப் போவதற்குப் பதினொன்றிலும் பன்னிரண்டிலும் வருடத்துக்கு இரண்டு நாள் வரை பள்ளி மாவட்டம் அனுமதிக்கலாம், அது வருகையாகவே கணக்காகும். முன்கூட்டியே படிவம் கொடுத்துவிடு.

பள்ளி ரேங்கில் முதல் பத்து சதவீதத்தில் இருக்கிறான், ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் நிச்சயம் என்று மாப்பிள்ளை சொல்கிறாராம். முதல் பத்து சதவீதத்துக்குத் தானாக இடம் தரும் அந்தச் சட்டம் 1997-இல் வந்தது, டெக்சஸ் மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கும் இன்றும் அப்படியே பொருந்தும். ஆஸ்டின் மட்டும் விலக்கு. அங்கே டெக்சஸ் பிள்ளைகளின் இடங்களில் முக்கால் பங்கு வரைதான் இந்த வழியில் நிரப்புகிறார்கள், அதனால் எல்லை சுருங்கிக்கொண்டே வருகிறது. 2026 இலையுதிர் சேர்க்கைக்கு முதல் 5 சதவீதம் என்று அறிவித்தார்கள். அவன் சேரும் ஆண்டுக்கு எவ்வளவு என்று பல்கலைக்கழகத் தளத்திலேயே பார், வாட்ஸாப் குழுவில் கேட்காதே. இதைவிட முக்கியமானது, தானாகக் கிடைப்பது பல்கலைக்கழகத்தில் இடம் மட்டும்தான். கணினி அறிவியலோ பொறியியலோ கிடைக்குமா என்பதைத் தனியாக, முழு விண்ணப்பத்தையும் படித்து முடிவு செய்கிறார்கள். ஆகவே ரேங்க் இருக்கிறது என்று எஸ்ஸேயை ஏனோதானோவென்று எழுதினால் இடம் வரும், கேட்ட பாடம் வராது. ஆஸ்டின் சாட் அல்லது ஏசிடி (அதுபோன்ற இன்னொரு தேர்வு) மதிப்பெண்ணையும் மறுபடி கட்டாயமாக்கிவிட்டது.

பட்டியலில் எட்டிலிருந்து பத்து கல்லூரி போதும். காமன் ஆப்பில் (பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் தளம்) இருபது வரை சேர்க்கலாம் என்பதற்காக இருபதும் சேர்க்காதே. ஒவ்வொன்றும் தனித்தனிக் குட்டிக் கட்டுரைகள் கேட்கும், பதினைந்தாவது கல்லூரிக்கு எழுதும்போது முந்தைய கல்லூரியின் பெயரே உள்ளே கிடக்கும். சிரிக்காதே, நடக்கிறதுதான். இரண்டு கல்லூரியாவது கட்டாயம் கிடைக்கக்கூடியதாகவும், அவன் மனதார போகக்கூடியதாகவும், உங்களால் பணம் கட்டக்கூடியதாகவும் இருக்கட்டும். எர்லி டிசிஷன் (ஒரே ஒரு கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிப்பது) என்பது கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். பிள்ளை, பெற்றோர், கவுன்சிலர் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும், கிடைத்தால் மற்றவற்றை விலக்கிக்கொள்ள வேண்டும், உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. கையெழுத்துக்கு முன் அந்தக் கல்லூரித் தளத்தில் உள்ள நெட் பிரைஸ் கால்குலேட்டரில் (உதவித்தொகை போக நீங்கள் கட்ட வேண்டியதைக் கணக்கிடும் பக்கம்) உங்கள் உண்மையான எண்களைப் போட்டுப் பார். எர்லி ஆக்‌ஷன் அப்படியில்லை, அதிலும் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம், ஆனால் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டு கிடையாது. அது இருக்கும் இடத்தில் அந்தக் கல்லூரியின் விதியைப் படித்துவிட்டுப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

சிபாரிசுக் கடிதத்துக்கு இரண்டு ஆசிரியர்கள், பதினோராம் வகுப்பில் முக்கியப் பாடம் எடுத்தவர்கள். அதிக மதிப்பெண் போட்டவரை விட, அவன் திணறி மேலே வந்ததைப் பார்த்தவர் நன்றாக எழுதுவார். பள்ளி திறந்ததும் நேரில் கேட்கட்டும், கெடுவுக்குக் குறைந்தது நான்கு வாரம் இருக்க வேண்டும். ஒரு பக்கத் தாளில் அந்த வகுப்பில் அவன் செய்த ப்ராஜெக்ட், தடுமாறிய இடம், விண்ணப்பிக்கும் கல்லூரிகள், கெடுத் தேதிகள் எல்லாம் எழுதிக் கொடுக்கட்டும். காமன் ஆப் 'கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா' என்று கேட்கும். விட்டுக்கொடுக்கச் சொல். பார்க்கும் உரிமையை வைத்துக்கொண்டால் ஆசிரியர் தயங்குவார், படிப்பவரும் அந்தக் கடிதத்தை முழுதாக நம்பமாட்டார்.

காமன் ஆப் ஆகஸ்ட் 1-ஆம் தேதி திறக்கும். செயல்பாடுகளுக்குப் பத்து வரி, ஒவ்வொரு விவரத்துக்கும் 150 எழுத்துகள்தான், இடைவெளியும் சேர்த்து. வாரம் எத்தனை மணி, வருடம் எத்தனை வாரம் என்று தனியாகக் கேட்கும். 'மிருதங்க அரங்கேற்றம்' என்று மட்டும் போட்டால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. என்ன வாத்தியம், எத்தனை வருடப் பயிற்சி, எத்தனை மணிநேரக் கச்சேரி என்று எண்ணோடு எழுதட்டும். தமிழ்ப் பள்ளியில் 'தன்னார்வலர்' என்பதைவிட 'சனிக்கிழமைகளில் பன்னிரண்டு சிறுவர்களுக்கு உயிரெழுத்து கற்பிக்கிறேன், பயிற்சித் தாள்கள் நானே தயாரித்தேன்' என்பது எடை கூடியது. மணிக்கணக்கைக் கூட்டிச் சொல்லாதிருக்கட்டும். எல்லாவற்றையும் கூட்டினால் வாரத்துக்கு 60 மணி வரும் விண்ணப்பத்தை யார் நம்புவார்கள்?

பிரதானக் கட்டுரை 650 சொல்லுக்குள். தாத்தா கப்பலில் வந்ததும், அப்பா ஆயிரம் ரூபாயோடு படித்ததும் உருக்கமாக இருக்கும், ஆனால் அதில் சின்னவனைத் தேட வேண்டியிருக்கும். கல்லூரிக்குப் போகப்போவது தாத்தா இல்லையே. அவனைத் தன் கையால் பழுதுபார்த்த சைக்கிளைப் பற்றியோ, கூடப்பிறந்தவரோடு போடும் சண்டையைப் பற்றியோ எழுதவிடு. நீ திருத்தினால் எழுத்துப்பிழையோடு நிறுத்திக்கொள். பெற்றவர்கள் வாக்கியங்களை மெருகேற்றினால் பதினேழு வயதுப் பையன் நாற்பத்தைந்து வயது மேனேஜர் போலப் பேச ஆரம்பித்துவிடுவான்.

பணத்துக்கு வருவோம். ஃபாஃப்ஸா (மத்திய அரசின் கல்வி உதவி விண்ணப்பம்) அக்டோபர் 1-ஐ ஒட்டித் திறக்கும். இரண்டு வருடத்துக்கு முந்தைய வரிக்கணக்கைத்தான் பார்ப்பார்கள், 2027-இல் சேர்பவனுக்கு 2025 வரி. சின்னவன் அங்கே பிறந்த குடிமகன் என்பதால் உங்கள் விசா நிலை அவன் தகுதியைப் பாதிக்காது. நீங்கள் சேர்ந்து வரி கட்டியிருந்தால் மாப்பிள்ளை ஒருவர் காண்ட்ரிபியூட்டராக (தன் விவரமும் ஒப்புதலும் தருபவராக) இருந்தால் போதும். அப்படியில்லாமல் உன்னையும் கேட்டால், சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமலே உனக்குக் கணக்குத் திறக்கலாம், ஆனால் சரிபார்க்க நாளாகும், செப்டம்பரிலேயே தொடங்கு. வரித்தகவலை எடுக்க ஒப்புதல் தராவிட்டால் மத்திய உதவி முழுதும் நின்றுவிடும். ஊரில் உங்கள் பெயரில் உள்ள மனையும் வங்கி டெபாசிட்டும் சொத்துதான், மறைக்காதே. குடியிருக்கும் வீடும் ஓய்வூதியக் கணக்கும் அதில் சேராது. பிள்ளை பெயரில் போட்ட பணத்தில் 20 சதவீதத்தைக் கல்லூரிக்குக் கட்டக்கூடியதாகக் கணக்கில் எடுப்பார்கள், பெற்றோர் பெயரில் இருப்பதில் அதிகபட்சம் 5.64. 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு பெற்றோர் சொத்தாகவே எண்ணப்படும்.

நமக்கு வருமானம் அதிகம், எதற்கு என்று மாப்பிள்ளை சொல்வார். வருமானம் பார்க்காமல் முதல் வருடம் 5,500 டாலர் வரை மத்தியக் கடன் பிள்ளை பெயரில் கிடைக்கும். தவிர டெக்சஸில் ஃபாஃப்ஸாவோ, டாஸ்ஃபாவோ (டெக்சஸ் மாநிலத்தின் உதவி விண்ணப்பம்) போடுவது, அல்லது வேண்டாம் என்று கையெழுத்திட்ட படிவம் தருவது, பட்டத்துக்கே ஒரு நிபந்தனை. தனியார் கல்லூரிகள் சில சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற இன்னொரு உதவிப் படிவமும் கேட்கும். விண்ணப்பத்தில் டெக்சஸ்வாசியா என்று கேட்கும் கேள்விகளை அவனிடம் விடாதே, நீயே உட்கார்ந்து நிரப்பு. எச்-1பி வேலை விசாவில் இருப்பவர் அங்கே குடியிருப்பு உரிமை கோரலாம், தவறாக டிக் செய்தால் வெளிமாநிலக் கட்டணம் விழும். உன் தோழியின் மகள் எச்-4 (எச்-1பி-காரரின் குடும்பத்துக்கான விசா) என்றாயே, அவளுக்கு மத்திய உதவி கிடையாது. 21 வயதில் எச்-4 முடியும் என்பதால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறுவதை இப்போதே வழக்கறிஞரிடம் கேட்கச் சொல்.

இடம் கிடைத்த பிறகுதான் வீடுகளில் அயர்ச்சி வரும். மே 1-க்குள் ஒரே ஒரு கல்லூரிக்கு டெபாசிட், விடுதிக்கான பதிவு அதற்கும் முன்பே வரலாம். மே தேர்வுகளில் மதிப்பெண் சரிந்தால் கொடுத்த இடத்தைத் திரும்ப எடுக்கும் உரிமை கல்லூரிக்கு உண்டு. ஏபி (பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) மதிப்பெண்ணை ஒரு கல்லூரிக்கு இலவசமாக அனுப்ப ஜூன் 20 கெடு. டூயல் கிரெடிட் (பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்துக் கணக்காகும் பாடம்) எடுத்தானே, அது பள்ளி டிரான்ஸ்கிரிப்டில் தெரிந்தாலும் கம்யூனிட்டி காலேஜிலிருந்து தனியாக டிரான்ஸ்கிரிப்ட் போக வேண்டும். இதை மறந்து, முடித்த பாடத்தையே மறுபடி படிப்பவர்கள் உண்டு. மெனிஞ்சைட்டிஸ் ஊசிச் சான்று 22 வயதுக்குக் கீழ் டெக்சஸில் கட்டாயம், வகுப்பு தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். 18 முடிந்ததும் மருத்துவமனை உன்னிடம் பேசாது, அவன் கையெழுத்திட்ட மருத்துவ ஒப்புதல் படிவம் ஒன்றும், மருத்துவ முடிவெடுக்கும் அதிகாரப் பத்திரம் ஒன்றும் தயார் செய்து ஃபோனில் படமெடுத்து வை.

ஓரியன்டேஷன் என்ற புது மாணவர் அறிமுக நிகழ்ச்சி ஜூன், ஜூலையில் நடக்கும், வகுப்புகளை அங்கேதான் பதிவு செய்வார்கள். பிந்திப் போனால் மிஞ்சிய வகுப்புதான். அதனால் அந்தத் தேதி கைக்கு வந்த பிறகு ஊருக்கு டிக்கெட் போடு. ஆகஸ்டாக இருந்தாலும் சரி, மாடி அறையைச் சுத்தம் செய்து வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா