112 படிகளுக்குக் கீழே ஒரு மைதானம்: துணைவேந்தருக்கும் கட்டடக் குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும், ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும், கட்டடக் குழுவினருக்கும் வணக்கம்.

புதிய விளையாட்டு வளாகத்தின் வரைபடத்தை நிர்வாகக் கட்டடத்தின் வாசலில் ஃபிளெக்ஸ் பலகையாக நிறுத்தியிருக்கிறீர்கள். சென்ற திங்கட்கிழமை மாலை, பயிற்சிக்குப் போகும் வழியில், குடையைப் பிடித்துக்கொண்டு அதன் முன் அரை மணி நேரம் நின்றேன். எட்டுத் தடங்கள் கொண்ட 400 மீட்டர் செயற்கை ஓடுதளம், இரண்டாயிரம் பேர் அமரும் பார்வையாளர் மாடம், உள்விளையாட்டரங்கம், உயர்கோபுர விளக்குகள் என்று குறைவில்லாமல் வரைந்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே துளி மேகம்கூட இல்லாத நீல வானம் இருக்கிறது. உதகையை அடுத்த இந்த மலைச்சரிவில் அந்த வானத்தை எந்த மாதத்தில் பார்த்து வரைந்தார்கள் என்பதை மட்டும் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

இந்த வளாகத்தில் படித்து, பல்கலைக்கழக அணிக்காக ஓடி, பின்னர் இம்மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். ஆறு ஆண்டுகளாக மாலை வேளைகளில் இங்குள்ள மாணவிகளுக்கு ஊதியமின்றித் தடகளப் பயிற்சி அளித்து வருகிறேன். மைதானத்தின் பழைய கதை தங்களுக்குத் தெரிந்ததுதான். மாணவிகள் கொடுத்த மனுக்களும் தங்கள் கோப்புகளிலேயே இருக்கும். ஆகவே நேராகக் கோரிக்கைக்கு வருகிறேன். ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பு, அந்த வரைபடத்தை அங்கே விளையாடுகிறவர்களோடு உட்கார்ந்து ஒருமுறை திருத்துங்கள்.

மைதானத்துக்கு இறங்க 112 படிகள். எண்ணிக்கையில் சந்தேகம் வேண்டாம். படி ஏறுவதும் ஓடுகிறவர்களுக்கு ஒரு பயிற்சிதான் என்று சமாதானம் சொல்லி, எண்ணிக்கொண்டே மாணவிகளை ஏற வைத்தவள் நான். ஒரு படி முக்கால் அடி உயரம், அடுத்தது ஓரடி. மழைக்காலத்தில் பாசி படிந்துவிடும். வண்டி போக வேறு வழியில்லை. எந்தக் காலத்திலோ எப்படியோ கீழே இறக்கிய, மண்ணை அழுத்திச் சமன் செய்யும் உருளை, பழுதான பின் மேலே ஏற்ற முடியாமல் அங்கேயே துருப்பிடித்துக் கிடக்கிறது. அதன் கைப்பிடியில்தான் இப்போது மழைக்கோட்டுகளை மாட்டி வைக்கிறோம். குடிதண்ணீரைக் கேனில் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். கழிப்பறைக்குப் போக வேண்டிய மாணவி 112 படி ஏறி, துறைக் கட்டடம் வரை நடந்து, மீண்டும் 112 படி இறங்கி வருவதற்குள் அன்றைய பயிற்சியில் பாதி முடிந்திருக்கும். மாதவிலக்கு நாட்களில் பலர் வருவதே இல்லை. சிலர் அதோடு நின்றும் போகிறார்கள். பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேராக ‘ஆர்வமின்மை’ என்று எழுதப்படுகிறது.

கடந்த ஜூலையில் நடந்ததைத் தாங்கள் அறிக்கையாகப் படித்திருப்பீர்கள். நான் அங்கே நின்றிருந்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து என்னிடம் ஓடிப் பழகிய மாணவி ஒருத்தி, வளைவை முடித்து வெளியே வரும் இடத்தில், தடத்தை ஒட்டிப் போகும் மூடியில்லாத வடிகாலில் கால் தவறி விழுந்தாள். கணுக்கால் திரும்பியிருந்த விதத்தைப் பார்த்ததுமே முறிவு என்று தெரிந்துவிட்டது. மாலை ஐந்தரை மணி. பனிமூட்டம் இறங்கி, எதிரில் இருந்த கோல் கம்பம் மறைந்துவிட்டது. 108 ஆம்புலன்ஸ் இருபது நிமிடங்களில் வந்து, மேலே சாலையில் நின்றது. சக்கரம் வைத்த ஸ்ட்ரெச்சர் படியில் இறங்காது. பலகையில் அவளைக் கட்டி, இரண்டு ஊழியர்களும் ஆறு மாணவிகளும் மாறி மாறித் தூக்க, ஒருத்தி அவள் முகத்துக்கு மேலே குடை பிடிக்க, இன்னொருத்தி பின்னோக்கி நடந்தபடியே கைபேசி வெளிச்சத்தை ஒவ்வொரு படியிலும் காட்ட, மேலே வந்து சேர நாற்பது நிமிடங்கள் ஆயின. அவ்வளவு நேரமும் அவள் அழவில்லை. வண்டிக்குள் ஊழியர் கத்தரிக்கோலை எடுத்து, வீங்கிய காலிலிருந்த ஷூவை வெட்டப் போனபோதுதான், “டீச்சர், வெட்ட வேண்டாம்னு சொல்லுங்க, அம்மா போன மாசம்தான் வாங்கிக் கொடுத்தாங்க” என்று அழுதாள். அந்தத் தாய் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். ஷூவை வெட்டத்தான் வேண்டியிருந்தது. எலும்பு கூடிவிட்டது. அவள் இப்போது மைதானத்துக்கு வருவதில்லை. வடிகாலுக்கு இன்றுவரை மூடி போடவில்லை.

ஆகவே புதிய வரைபடத்தில் அந்தப் படிகளைத்தான் முதலில் தேடினேன். அவை இருக்கின்றன. அகலப்படுத்தி, இருபுறமும் பூந்தொட்டிகள் வைத்து, மெருகேற்றிய கருங்கல் பதிக்கப்போவதாகக் குறித்திருக்கிறார்கள். மெருகேற்றிய கருங்கல்லில் சாரல் விழுந்தால் என்ன ஆகும் என்பதை இம்மலையில் ஒரேயொரு மழைக்காலம் இருந்தவர்கூடச் சொல்லிவிடுவார். ஆம்புலன்ஸ் இறங்கும் சாலை இல்லை. மைதானத்தின் மட்டத்தில் மாணவிகளுக்கு உடை மாற்றும் அறையோ கழிப்பறையோ இல்லை. உள்விளையாட்டரங்கில் இருக்கிறதே என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். ஆனால் அந்த அரங்கம் மேலே சாலையோரத்தில் அல்லவா வருகிறது. கீழே, பார்வையாளர் மாடத்துக்கு அடியில், சிறப்பு விருந்தினர் ஓய்வறை மட்டும் இணைப்புக் கழிப்பறையோடு இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு நாள் வந்து கோப்பை வழங்குகிறவருக்கு உள்ள தேவை, ஆண்டு முழுதும் ஓடுகிற பெண்ணுக்கும் உண்டு என்று வரைந்தவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

ஓடுதளத்துக்கு வருகிறேன். எட்டுத் தடங்கள் கொண்ட 400 மீட்டர் தளத்தை வெளி விளிம்பு வரை அளந்தால் ஏறத்தாழ 177 மீட்டர் நீளமும் 93 மீட்டர் அகலமும் வரும். சுற்றிலும் விட வேண்டிய இடமும் வடிகாலும் தனி. குறுக்கே நூற்றுக்கு ஒன்றுக்கு மேலும், ஓடும் திசையில் ஆயிரத்துக்கு ஒன்றுக்கு மேலும் சரிவு இருக்கக்கூடாது என்பது சர்வதேசத் தடகள விதி. நம்மிடம் உள்ள சமதளத்தின் நீளம் 130 மீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். மீதியை எங்கிருந்து கொண்டுவரப் போகிறார்கள் என்பது பலகையின் ஓரத்தில் சிறியதாகப் போட்டிருக்கும் குறுக்குவெட்டுப் படத்தில் தெரிகிறது: மேற்கே கற்பூர மரங்கள் நிற்கும் சரிவை வெட்டி, அந்த மண்ணைக் கிழக்கே சதுப்பில் கொட்டி மேடாக்கி, விளிம்பில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பப் போகிறார்கள். பாதித் தளம் வெட்டிய கெட்டி மண்ணிலும், மறுபாதி கொட்டிய மண்ணிலும் அமைந்தால், கொட்டிய பக்கம் ஆண்டுக்கு ஆண்டு உள்வாங்கும். ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கு இரண்டு மழைக்காலங்களைத் தாண்டாது. மேலே ஒட்டிய செயற்கைத் தளம் வெடிப்பு விட்ட பிறகு, அதைப் பழுது பார்க்க வரும் வண்டியும் அந்தக் கருங்கல் படிகளில்தான் இறங்க வேண்டும்.

சதுப்பைக் காலி இடமாகக் குறித்திருப்பதுதான் எனக்குப் பெரும் கவலை. மேல்சரிவில் பெய்யும் மழை அங்கே தங்கி, மெல்லக் கசிந்துதான் கீழே உள்ள ஊருக்குப் போகிறது. அதை அடைத்துவிட்டால் தண்ணீர் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். தடுப்புச் சுவரின் பின்னால் தேங்கி, சுவரையும் சேர்த்துத் தள்ளும். 2009 நவம்பரில் இம்மாவட்டத்தில் நேர்ந்த மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததையும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதையும் தங்கள் பொறியாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இங்கே பொக்லைன் இறக்குவதற்கும் சரிவை வெட்டுவதற்கும் கட்டடத்தின் உயரத்துக்கும் கட்டுப்பாடுகள் உண்டு என்பதும் அவர்கள் அறிந்ததே. பல்கலைக்கழகம் என்பதால் அனுமதி கிடைத்துவிடலாம். அனுமதிக் கடிதம் மண்ணைப் பிடித்து நிறுத்தாது.

இன்னொன்றையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். வாலிபால், கூடைப்பந்துத் திடல்களைக் கிழக்கு மேற்காகப் போட்டிருக்கிறார்கள். திறந்தவெளித் திடல்களை வடக்கு தெற்காக அமைப்பது, மாலை வெயில் ஆடுகிறவர் கண்ணில் நேராக விழக்கூடாது என்பதற்காக. டிசம்பர், ஜனவரி மாதங்களில் மட்டுமே இங்கே நாலு நாள் முழு வெயிலில் ஆட முடிகிறது. அந்த நாலு நாளும் ஒரு பக்கத்து அணி கண்ணைக் கூசிக்கொண்டு நிற்கும். விளையாடுகிற ஒருவரைக் கேட்டிருந்தால் பென்சிலால் அழித்துத் திருப்பிப் போட்டிருக்கலாம்.

கேட்க மாட்டார்கள் என்பதுதான் பழக்கமாகிவிட்டது. விளையாட்டுக் கட்டணம் மட்டும் தவறாமல் வசூலாகிறது. தரமதிப்பீட்டுக் குழு வரும் ஆண்டில் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடுகள் போடப்படுகின்றன. குழு மலையிறங்குவதற்குள் மழை அவற்றைக் கழுவிவிடுகிறது. இப்போதைக்கு மைதானத்தை ஒழுங்காகப் பயன்படுத்துகிறவை மாலையில் மேய வரும் காட்டுமாடுகள்தாம். அவற்றுக்குப் படியும் வேண்டாம், கழிப்பறையும் வேண்டாம். ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகள் 1882-இல் உதகை கிளப்பில் எழுதி வைக்கப்பட்டன என்பதை ஊருக்கு வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்கிறோம். கூரைக்கு அடியில் ஒரு மேசை இருந்தால் போதும் அதற்கு. இம்மலையின் விளையாட்டுக் கொள்கை அந்த மேசையை விட்டு இன்னும் எழுந்து வரவில்லையோ என்று சில நாட்களில் தோன்றும். மன்னிக்க வேண்டும். கோபத்தில் கோரிக்கையை விட்டு விலகிவிட்டேன்.

உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1968-இல் ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரமும் ஏறத்தாழ அதே உயரம். காற்று மெலிந்த அந்த ஊரில் அமெரிக்காவின் பாப் பீமன் 8.90 மீட்டர் நீளம் தாண்டி உலக சாதனை படைத்தார். சமவெளியிலிருந்து போன நெடுந்தூர ஓட்டக்காரர்கள் மூச்சுக்குத் திணறியபோது, மேட்டு நிலங்களில் வளர்ந்த கென்யாவின் கிப்சோகே கெய்னோ 1,500 மீட்டரிலும், எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே மாரத்தானிலும் தங்கம் வென்றார்கள். உயரத்தில் ஓடிப் பழகுவதற்காக வீரர்கள் எங்கெங்கோ பயணம் போகிறார்கள். நம் பிள்ளைகள் அந்த உயரத்தில் பிறந்து, பள்ளிக்கூடத்துக்கே மேடும் பள்ளமுமாக நடந்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கு நாம் கொடுக்க வேண்டியது கால் உடையாத ஒரு தளம்.

அதற்கு மலையை வெட்ட வேண்டியதில்லை. 110 மீட்டர் தடை ஓட்டத்துக்குத் தொடக்கக் கோட்டின் பின்னால் 3 மீட்டரும், முடிவுக் கோட்டுக்கு அப்பால் 17 மீட்டரும் விட்டால் நேர்த்தடம் 130 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. நம்மிடம் இருப்பதும் அதுதான். அதே சமதளத்துக்குள் 200 மீட்டர் சுற்றுத்தடம் ஒன்றும் போடலாம். கூடைப்பந்துத் திடல் 28-க்கு 15 மீட்டர். சுற்றிலும் இரண்டு மீட்டர் விட்டால் 32-க்கு 19. அந்த அளவில், பக்கச் சுவர்கள் இல்லாமல் கூரை மட்டும் போட்ட ஒரு திடலை மைதானத்தின் மட்டத்திலேயே கட்டினால், அதே தரையில் வாலிபாலுக்கும் பெண்கள் கபடிக்கும் கோடு போட்டுக்கொள்ளலாம். வாலிபாலுக்குத் தரைக்கு மேல் 7 மீட்டர் தடையில்லாத உயரம் இருந்தால் போதும். ஜூன் முதல் நவம்பர் வரை மழை விட்டு விட்டுப் பெய்யும் ஊரில், இரண்டாயிரம் பேர் உட்காரும் மாடத்தைவிட இருபது பேர் நனையாமல் ஆடும் கூரை பயன்படும். அந்த இரண்டாயிரம் பேரும் 112 படி இறங்கி வர வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இவை அனைத்துக்கும் முன்னால், ஓர் ஆம்புலன்ஸ் இறங்கித் திரும்பும் அளவுக்குச் சாலை, வடிகாலுக்கு மூடி, மைதானத்தின் மட்டத்தில் தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள உடை மாற்றும் அறை, கழிப்பறை. இவை வரைபடத்தில் ஏறிய பிறகு மற்றவற்றைத் தங்கள் விருப்பம்போல் வரைந்துகொள்ளுங்கள்.

நிதியை இந்த நிதியாண்டுக்குள் செலவிடாவிட்டால் திரும்பிப் போய்விடும், ஆகவே இனித் திருத்த நேரமில்லை என்று கட்டடக் குழுவில் பேசப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்த நெருக்கடி எனக்குப் புரிகிறது; பள்ளியில் மார்ச் மாதக் கடைசியில் வந்து இறங்கிய பந்துகளைப் பார்த்தவள் நான். ஆனால் மனுக்கள் கோப்பில் கிடந்த ஆண்டுகளில் இல்லாத அவசரம், நாங்கள் ஒரு மாலை நேரம் கேட்கும்போது மட்டும் வருவது நியாயமாகத் தெரியவில்லை. ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பு வரைபடத்தை எங்களோடு உட்கார்ந்து திருத்துங்கள் என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த மாதம் ஏதேனும் ஒரு வேலைநாளில், மாலை நான்கு மணிக்கு, வரைபடத்தையும் அதை வரைந்த பொறியாளரையும் அழைத்துக்கொண்டு தாங்கள் வர வேண்டும். முதல் படியருகே நானும் மாணவிகளும் குடைகளோடு காத்திருப்போம். இறங்கிப் பார்த்து, பேசி முடித்து, மேலே ஏறி வர எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும். கீழே கழிப்பறை இல்லை என்பதை முன்கூட்டியே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வளாகத்தின் முன்னாள் மாணவி,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
நீலகிரி மாவட்டம்.