பெரே தொப்பிக்குள் ஒரு முக்காடு, பிளாஸ்டருக்கு அடியில் ஒரு மூக்குத்தி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்க ராணுவத்தில் முஸ்லிம் பெண்கள் சீருடையோடு முக்காடு அணிவது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரைக்கு, டர்பன் வாசகர் ஒருவர் போன இதழில் மறுப்பு எழுதியிருந்தார். சீருடை வேலைக்குப் போனவர்கள் சீருடைக்குக் கட்டுப்படத்தான் வேண்டும், அதோடு இது தமிழருக்குச் சம்பந்தமில்லாத விவகாரம், நாம் ஏன் இதில் வாய் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அவர் சொன்ன முதல் விஷயத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. இரண்டாவதைப் படித்த பிறகு எனக்கு இரண்டு நாள் சரியாகத் தூக்கம் வரவில்லை. நான் டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்து, 36 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சீருடை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

முதலில் அந்த வழக்கு. மேஜர் ஃபாத்திமா ஐசக்ஸ் கேப் டவுன் வைன்பெர்க்கில் உள்ள ராணுவ மருத்துவமனையில் வேலை பார்த்தவர். ராணுவச் சீருடையின் மெத்தென்ற பெரே தொப்பிக்கு அடியில் தலையை ஒட்டினாற்போல ஒரு கறுப்பு முக்காடு கட்டியிருந்தார். அதைக் கழற்றச் சொன்ன உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை என்று 2018-ல் அவர்மேல் குற்றம் சாட்டினார்கள். 2020 ஜனவரியில் ராணுவ நீதிமன்றத்தில் வழக்கு கைவிடப்பட்டது. காதை மறைக்காத சாதாரணக் கறுப்பு முக்காட்டை அவர் கட்டிக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் அந்த அனுமதி அவர் ஒருவருக்குத்தான். விதி மாறவில்லை. மற்ற பெண்களின் கதி என்ன என்று அவர் தரப்பு விடாமல் கேட்டதால், 2021 ஜனவரியில் ராணுவம் தன் உடை விதியையே திருத்தியது. இந்த ஒரு வருட இடைவெளியை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், இதற்கு மறுபடியும் வருகிறேன்.

சம்பந்தமில்லை என்கிறாரே, நம் டர்பனிலேயே நடந்த மூக்குத்தி வழக்கை அந்த வாசகர் மறந்துவிட்டாரா? சுனாலி பிள்ளை என்ற பள்ளி மாணவி 2004-ல் விடுமுறையில் மூக்குக் குத்திக்கொண்டு டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்குத் திரும்பினார். பள்ளி விதிப்படி நகை கூடாது, கழற்று என்றார்கள். தாயார் பள்ளிக்குக் கடிதம் எழுதினார்: இது பெண் பெரியவளானால் தென்னிந்தியக் குடும்பங்களில் வழிவழியாகச் செய்வது, ஃபேஷனுக்காகச் செய்ததில்லை, பதினாறு வயதானதும் பாட்டி தங்க மூக்குத்தியை எடுத்துவிட்டு வைர மூக்குத்தி போடுவார் என்று. நம் வீடுகளில் நடப்பதை அப்படியே எழுதியிருந்தார். பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் சமத்துவ நீதிமன்றத்தில் தோற்று, உயர் நீதிமன்றத்தில் ஜெயித்து, கடைசியில் வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரைக்கும் போனது. 2007 அக்டோபர் 5 அன்று தலைமை நீதிபதி பியஸ் லங்கா சுனாலி பக்கம் தீர்ப்பு எழுதினார்.

அந்தத் தீர்ப்பில் இரண்டு விஷயங்கள் எனக்கு முக்கியமாகப் பட்டன. மூக்குத்தி மதம் கட்டாயமாக்கிய ஒன்று இல்லை, விருப்பப்பட்டுப் போடுவதுதானே என்று எதிர்த்தரப்பு வாதாடியது. விருப்பப்பட்டுச் செய்வதாக இருந்தாலும் அது அந்தப் பெண்ணுக்கு முக்கியமானது என்றால் அதற்கும் பாதுகாப்பு உண்டு என்றது நீதிமன்றம். அடுத்தது, ஒரு பிள்ளைக்கு இடம் கொடுத்தால் பள்ளியின் ஒழுங்கே குலைந்துவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டது. அப்புறம், இப்படிப்பட்ட பழக்கங்களுக்கு எப்படி விலக்கு கேட்பது, எப்படிக் கொடுப்பது என்பதைப் பள்ளி தன் நடத்தை விதியிலேயே எழுதி வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. சுனாலி அதற்குள் பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டார். ஆனாலும் நீதிமன்றம் பின்னால் வரும் பிள்ளைகளுக்காகத் தீர்ப்புச் சொன்னது.

நம் வீட்டுப் பாட்டிகளின் மூக்குத்தி போட்ட பாதை இது. அதில் இன்னொரு வீட்டுப் பெண் முக்காட்டோடு நடந்து வரும்போது, உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று கதவைச் சாத்துவது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1983-ல் எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். டர்பனில் ஒரு அரசு மருத்துவமனையில் வேலை. நர்ஸ்களுக்குத் தலைவியான மேட்ரன் என்னைக் கூப்பிட்டு, பொட்டு, மூக்குத்தி, தாலி எல்லாம் வீட்டோடு இருக்கட்டும் என்றார். சம்பளம் வேண்டுமே. பொட்டை அழித்தேன். தாலியை உள்ளே தள்ளி ஊக்கு குத்தினேன். மூக்குத்தியைக் கழற்ற என் பாட்டி, எங்கள் ஆயா, விடவில்லை, கழற்றினால் துளை தூர்ந்துவிடும் என்றார். அதனால் தினமும் காலையில் அதன்மேல் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். வெயில் காலத்தில் அந்த இடம் வேர்த்துப் புண்ணாகும்.

ஒருநாள் உம்சிண்டோ பக்கத்துக் கரும்புத் தோட்டத்திலிருந்து ஒரு வயதான அம்மாவைக் கொண்டு வந்தார்கள். அவருக்கு இங்கிலீஷும் வராது, ஜூலுவும் நாலு வார்த்தைதான். ஊசியைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டார். நான் தமிழில் பேசியும் நம்பவில்லை, வெள்ளை உடுப்புப் போட்ட எல்லாரும் அவருக்கு ஒன்றுதான் போலிருக்கிறது. பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மூக்கிலே என்னம்மா காயம்?” என்று கேட்டார். நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு பிளாஸ்டரைத் தூக்கிக் காட்டினேன். அவர் விரலை நீட்டி மூக்குத்தியைத் தொட்டார். அப்புறம் தானாகக் கையை நீட்டினார். பொது மருத்துவமனையில் யாருக்காகச் சீருடை போடுகிறோம் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அவருடைய பெயர்கூட இப்போது நினைவில் இல்லை.

எல்லா இனத்தவரும் முதன்முதலாக ஓட்டுப் போட்ட 1994 தேர்தல் முடிந்து சில வாரம் கழித்து ஒரு காலையில் பிளாஸ்டர் ஒட்டாமல் போனேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. உடை விதி ஒரு எழுத்துக்கூட மாறியிருக்கவில்லை, மேட்ரன் மாறியிருந்தார், அவ்வளவுதான். இதைத்தான் அந்த ஒரு வருட இடைவெளி என்று மேலே சொன்னேன். அதிகாரியின் மனசைப் பொறுத்துக் கிடைக்கிற அனுமதி அடுத்த அதிகாரி வரும்வரைதான். எழுத்தில் இருந்தால்தான் புதிதாகச் சேருகிற பெண் யாரிடமும் கெஞ்ச வேண்டாம்.

முதல் விஷயத்தில் நியாயம் உண்டு என்று சொன்னேன் அல்லவா? நானே வார்டுக்குப் பொறுப்பாக இருந்தபோது, தைப்பூசக் காவடிக்குக் காப்புக் கட்டியிருந்த ஒரு இளம் நர்ஸைக் கயிற்றோடு நோயாளியைத் தொட விடவில்லை. மணிக்கட்டில் இருக்கும் கயிறு நனைந்தால் ஈரத்தோடு கிருமியையும் வைத்துக்கொள்ளும், முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் இருந்தால்தான் கையைச் சரியாகக் கழுவ முடியும். ஆனால் அதை அறு என்று நான் சொல்லவில்லை, உட்கார வைத்து ஏன் என்று விளக்கினேன். அவள் கோயில் ஐயரிடம் கேட்டு வந்தாள், காப்பை முழங்கைக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொடுத்தார். காவடி எடுக்கும்வரை அவள் வேலையும் நின்றுபோகவில்லை, விரதமும் கெடவில்லை. காரணம் உள்ள விதியை நம் ஜனங்கள் ஏற்றுக்கொள்வார்கள். “எல்லாரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்” என்பதை மட்டும் காரணமாக என்னால் ஏற்க முடியாது. போல்ஸ்மூர் சிறையில் சடை வளர்த்திருந்த காவலர்கள் ஐந்து பேரை 2007-ல் வேலையை விட்டு நீக்கினார்கள். சிலர் சடை வளர்ப்பதை மத நெறியாகக் கொண்ட ரஸ்தபாரிகள், சிலர் கோசா இன மரபில் வைத்தியராக முன்னோர்களின் அழைப்புப் பெற்றவர்கள். 2013-ல் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம், சடையால் காவல் வேலை எப்படிக் கெட்டது என்பதற்குச் சான்று இல்லை என்று அவர்கள் பக்கம்தான் நின்றது.

தலையில் இருப்பதைக் கழற்று என்ற சொல் இந்த ஊரில் நமக்குப் புதிதா? 1893-ல் டர்பன் நீதிமன்றத்தில் தலைப்பாகையை எடுக்கச் சொன்னபோது காந்தி எழுந்து வெளியே வந்தார், பத்திரிகைக்குக் கடிதமும் எழுதினார். அடுத்த ஆண்டு முதலாளி அடித்து முன்பற்கள் உடைந்து, வாயில் ரத்தத்தோடு அவரிடம் வந்த ஒப்பந்தக் கூலி பாலசுந்தரம் நம் தமிழர். தலைத்துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார், அந்த வலியிலும். வெள்ளைக்காரர் முன்னால் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று அவருக்குப் பழக்கியிருந்தார்கள். முதலில் துணியைத் தலையில் கட்டிக்கொள் என்று காந்தி சொன்னார். அந்தத் துணியும் மேஜரின் முக்காடும் எனக்கு வேறு வேறாகத் தெரியவில்லை.

என் தம்பி மகள் ராணுவ மருத்துவப் பிரிவில் நர்ஸாகச் சேர விண்ணப்பித்திருக்கிறாள். ஆயாவின் மூக்குத்தி இப்போது அவள் மூக்கில் இருக்கிறது. சேர்ந்த பிறகு யாராவது கழற்றச் சொல்லும்வரை காத்திருக்காதே, இப்போதே எழுதிக் கேள், பதிலையும் எழுத்தில் வாங்கு என்று சொன்னேன். போன திங்கட்கிழமை கடிதம் அனுப்பிவிட்டாள். மறுப்பு எழுதிய வாசகர் விரும்பினால் அந்தக் கடிதத்தின் நகலை உங்கள் அலுவலகம் மூலம் அவருக்கு அனுப்பி வைக்கிறேன். அவர் வீட்டிலும் மூக்குத்தி போட்ட பிள்ளைகள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நர்ஸ்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.